மருத்துவர் மறுக்கும்போது

"இந்தச் சிகிச்சையைச் செய்ய என் மனச்சாட்சி இடம் தரவில்லை" என்று மருத்துவர் கூறக் கேட்டால், தகாத ஒன்றை வேண்டிவிட்டோமோ என்று கூசுவோரே மிகுதி. அவ்வாறு கூச வேண்டுவதில்லை. அத்தகைய மறுப்புக்கு இடம் உண்டு, எல்லையும் உண்டு.

பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், மனச்சாட்சியின் பொருட்டு அச்சிகிச்சையில் பங்கேற்க மறுக்கும் உரிமையைப் பணியாளர்க்கு வழங்குகிறது. கருவுற்றவரின் உயிரைக் காக்கவோ, நிரந்தரமான கடுந்தீங்கைத் தடுக்கவோ வேண்டியபோது அவ்வுரிமை செல்லாது. ஆயினும் 'பங்கேற்பது' என்பது எதுவரை? கிளாஸ்கோ நகரப் பிரசவப் பிரிவொன்றில் பொறுப்பு வகித்த மருத்துவச்சிகள் இருவர், கருக்கலைப்பில் ஈடுபடும் செவிலியரை மேற்பார்வையிடுவதிலிருந்தும் தமக்கு விலக்கு வேண்டினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நேரடிச் செயலையே மறுக்கலாம், பணியைப் பகிர்ந்தளிப்பதும் மேற்பார்வையிடுவதும் பங்கேற்பு ஆகா என 2014 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. மறுப்பவர், அம்மறுப்பு இல்லாத வேறொருவரிடம் நோயாளியை அனுப்பக் கடமைப்பட்டவர் என்பதையும் நீதிமன்றம் சுட்டியது. வழக்கு பணியாளரின் உரிமை பற்றியதே எனினும், நோயாளிக்குப் பயன்படுவது இக்கூற்றுத்தான்.

நம் நாட்டில், இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளும் இதை ஒட்டியே செல்கின்றன. யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்பதை மருத்துவர் தேர்ந்துகொள்ளலாம். அவசர நிலையில் உதவியாக வேண்டும். ஏற்றுக்கொண்ட நோயாளியை, அவருக்கும் குடும்பத்தாருக்கும் போதிய முன்னறிவிப்பு தராமல் விட்டு விலகலாகாது.

வெளிப்படையான மறுப்பைக் காட்டிலும் அஞ்சத்தக்கது, காரணம் கூறாமல் "அடுத்த வாரம் வாருங்கள்" என்று நாளைக் கடத்துவதே. 2021-இல் திருத்தப்பட்ட நம் சட்டப்படி, உரிய காரணம் இருப்பின் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே கருக்கலைப்புக்குப் போதும். அதன்பின் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில பிரிவினருக்கு மட்டுமே அனுமதி. மருத்துவர் இருவரின் கருத்தும் வேண்டும். 18-ஆம் வாரத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு இரு வாரத் தாமதம் எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, மருத்துவர் தயங்குவதாகத் தோன்றினால் அன்றே கேளுங்கள்: "இதைத் தாங்கள் செய்வீர்களா? இல்லையெனில் நான் யாரிடம் செல்ல வேண்டும்?" மருத்துவக் குறிப்பேடுகளையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளதே.