கால் சதவீதத்துக்கு அப்பால்: வீட்டுக் கடனை எங்கே பெறுவது?

வீடு வாங்க முடிவு செய்தவர்கள் குடிநீர், பள்ளிக்கூடம், பேருந்து வசதி என ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். கடனை எங்கே பெறுவது என்பதை மட்டும் பெரும்பாலும் கட்டுநரின் அலுவலகத்தில் ஒரே மாலையில் தீர்மானித்துவிடுகிறார்கள். எங்கள் வங்கிக்கே வாருங்கள் என்று எழுதுவது எங்களுக்கு எளிது. ஆயினும் எந்த நிறுவனத்தை நாடினாலும் கேட்டறிய வேண்டியவற்றையே இங்கு கூற விழைகிறோம்.

முதலில் வட்டி. 30 லட்சம் ரூபாய்க் கடனை 20 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொள்வோம். 8.50 சதவீதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய், 8.75 சதவீதத்தில் 26,511 ரூபாய். இந்தக் கால் சதவீதம் முழுக் காலத்தில் சுமார் 1.14 லட்சம் ரூபாயாகிறது. சிறு தொகையன்று. ஆனால் இக்கணக்கு, இன்றைய விகிதம் 20 ஆண்டுகளும் அப்படியே நீடித்தால் மட்டுமே பொருந்தும். மிதவை வட்டிக் கடனில் அது நீடிப்பதில்லை. எனவே வட்டி எவ்வளவு என்பதோடு, அது எதனுடன் பிணைக்கப்பட்டுள்ளது என்பதையும் கேட்க வேண்டும்.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் புதிய மிதவை வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் விகிதம் திருத்தப்பட வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களை இவ்விதி கட்டுப்படுத்துவதில்லை. அவை தத்தம் முதன்மை விகிதத்தைப் பின்பற்றலாம். அங்கே கடன் பெறுவோர், வட்டி குறையும்போது பழைய வாடிக்கையாளருக்கும் தானாகக் குறையுமா, அல்லது மாற்றுக் கட்டணம் செலுத்த வேண்டுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

ரெப்போவுடன் பிணைந்த கடன், வட்டி ஏறும்போதும் அதே வேகத்தில் ஏறும். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரெப்போ விகிதம் 4.00 சதவீதத்திலிருந்து 6.50 ஆக உயர்ந்தது. 6.75 சதவீதத்தில் 30 லட்சம் பெற்றவரின் தவணை சுமார் 22,811 ரூபாய். அவரது வட்டி 9.25 ஆனபோது, அத்தொகைக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,125 ரூபாய்! தவணையை மாற்றாமல் விட்டால் அசல் குறைவதற்குப் பதில் கூடத் தொடங்கும் நிலை. இதனாலேயே, வட்டி திருத்தப்படும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு அளிக்க வேண்டுமென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பணித்தது. காலத்தை நீட்டுவது அப்போதைக்கு இதமாக இருக்கும். ஓய்வு பெற்ற பின்னும் தவணை தொடருமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டுவசதி நிறுவனங்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. சம்பளச் சீட்டோ முறையான வருமான வரிக் கணக்கோ இல்லாத சிறு வணிகரின் வரவை நேரில் கண்டு மதிப்பிட்டுக் கடன் தரும் பொறுமை, அவற்றுள் பலவற்றுக்கு எங்களைவிட அதிகம்.

அடுத்தது செலவுகள். செயலாக்கக் கட்டணம், சட்ட ஆய்வு, மதிப்பீடு ஆகியவற்றோடு, கேட்காமலே கடன் தொகையில் சேர்க்கப்படும் காப்பீட்டுப் பிரீமியமும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் கடன் தருவோர் ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றை அளிக்க வேண்டும். இக்கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதம் அதில் இருக்கும். இரு நிறுவனங்களின் அறிக்கைகளை அருகருகே வைத்து அந்த விகிதங்களை ஒப்பிடுங்கள். அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாள்களுக்குச் செல்லும். ‘இன்றே கையொப்பமிடுங்கள்’ என்ற அவசரத்துக்கு இடங்கொடுக்க வேண்டியதில்லை.

தனிநபரின் மிதவை வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. ஆகவே பிற்காலத்தில் வேறிடத்துக்கு மாறவும் இயலும். எனினும் புதிய இடத்தில் கட்டணங்களையும், சில மாநிலங்களில் அடமானத்துக்கான முத்திரைத் தீர்வையையும் மீண்டும் செலுத்த நேரும்.

கடைசியாக, பத்திரங்கள். கடன் முழுதும் அடைந்த 30 நாள்களுக்குள் மூலப் பத்திரங்கள் திரும்ப வேண்டும். கடன் தந்தவரால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அவை எங்கே, எத்தனை நாளில் திருப்பித் தரப்படும் என்பது அனுமதிக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். கையொப்பமிடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.