உஷார்! முயல் சாப்பிடவில்லையா? காலை வரை காத்திருக்காதீர்கள்

காலையில் வைத்த கேரட் ராத்திரி வரை அப்படியே கிடக்கிறது. முயல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. கூண்டில் புழுக்கை ஒன்றுகூட இல்லை. ‘ஏதோ சுணக்கம், காலையில் பார்த்துக்கலாம்’ என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள். விடியும்போது அது உயிரோடு இல்லாமல் போகலாம்.

நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தால் பதற வேண்டியதில்லை. முயல் அப்படியல்ல. அதன் குடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தீனி இறங்காவிட்டால் அசைவு நின்று, வாயு சேர்ந்து, வயிறு உப்பிவிடும். வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை இது. முயலுக்கு வைத்தியம் பார்ப்பவர் ஊரில் யார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். வீட்டில் மீதியிருக்கும் அமாக்ஸிசிலினை வாயில் ஊற்றும் கைவைத்தியம் மட்டும் கூடவே கூடாது. குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்து அந்த மருந்தே ஆளை முடித்துவிடும். கினி பிக்குக்கும் அதே ஆபத்துதான்.

குடல் நின்றுபோக வலி, பயம், சித்திரை வெயில் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் நேராக நம் கையில் இருக்கும் காரணம் தீனி. கார்ட்டூன் பார்த்து வளர்ந்த நமக்கு முயல் என்றாலே கேரட்! சர்க்கரை மிகுந்த அந்தக் கிழங்கு அதற்கு மிட்டாய் மாதிரி. எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். மீந்த சாதம், சப்பாத்தி, பிஸ்கட் வேண்டவே வேண்டாம். வெங்காயம், பூண்டு, சாக்லேட் விஷம். தீனியில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும். உலர்புல்லோ, மருந்தடிக்காத இடத்தில் அறுத்த அருகம்புல்லோ ராத்திரியிலும் கூண்டில் கிடக்கட்டும். முயலின் முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். கடைவாய்ப் பல்லும் வாழ்நாள் முழுக்க வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். தேயாத பல் கூராகி நாக்கைக் கிழித்தால், பசித்தாலும் மெல்ல முடியாது.

பெல்லட் எனும் குச்சித் தீனி வாங்கும்போதும் கவனம். பண்ணைத் தீனி, சில மாதத்தில் எடை ஏற்றி இறைச்சிக்கு விற்பதற்கானது. வீட்டு முயலோ எட்டுப் பத்து வருஷம் வாழ வேண்டியது. முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 25 கிராம் பெல்லட் தாராளம். குதிரை மசால் தழை குட்டிகளுக்கு நல்லது. வளர்ந்த முயலுக்கு அதிலுள்ள கால்சியம் சிறுநீர்ப்பையில் மணலாகச் சேரலாம்.

‘முயல் தீனியையே கினி பிக்குக்கும் போடுங்க சார்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். நம்மைப் போலவே கினி பிக்குக்கும் வைட்டமின் சி உடலில் சுரக்காது. 1907இல் நார்வேயின் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் வெறும் தானியம் கொடுத்து வளர்த்த கினி பிக்குகளுக்கு ஸ்கர்வி வந்ததைக் கண்டார்கள். அந்தக் குறைபாட்டு நோய் வந்தால் மூட்டு வீங்கி, கினி பிக் நடக்கவே தயங்கும். தினமும் குடமிளகாய்த் துண்டு, கொத்தமல்லித் தழை கொடுங்கள். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சி சொட்டு மருந்து சீக்கிரமே வீரியம் இழந்துவிடும்.

ஹாம்ஸ்டருக்கு வெறும் சூரியகாந்தி விதை என்றால் கொழுப்புதான் மிச்சம். குள்ள இனங்களுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும்; பழத்தைத் தவிர்ப்பது உத்தமம்.

இதைப் படித்த வேகத்தில் பழைய தீனியை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் குடலைக் கலக்கும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். உலர்புல்லை மட்டும் இன்று ராத்திரியே போடலாம்.