சுழலாத செயற்கைக்கோள் சுழல்வதாக நம்பியது: ஹிடோமி உடைந்தது எப்படி?

கருந்துளைகளையும் விண்மீன் திரள்களையும் ஆராய 2016 பிப்ரவரி 17-ல் ஜப்பான் ஏவிய செயற்கைக்கோள் ஹிடோமி. மார்ச் 26-ல் அது உடைந்து சிதறியது. என்ன ஆச்சு?

சுழலாமல் நின்ற ஹிடோமி, தான் சுழல்வதாகத் தப்புக்கணக்கு போட்டது. இல்லாத சுழற்சியை நிறுத்தப்போய், நிஜமாகவே சுழல ஆரம்பித்தது. அதை நிறுத்த, குட்டி ராக்கெட்டுகளான த்ரஸ்டர்கள் இயங்கின. ஆனால், அவற்றை இயக்குவதற்காகத் தரையிலிருந்து முன்பே அனுப்பியிருந்த எண்கள் தவறு. வேகம் இன்னும் கூடியது. சோலார் பேனல்கள் பிய்த்துக்கொண்டு போயின.

அனுப்பும் முன் அந்த எண்களைச் சிமுலேட்டரில் முறையாக ஓட்டிப் பார்த்திருந்தால் பிழை சிக்கியிருக்கும். சாட்டிலைட் மென்பொருளின் தரம் கோடிங்கோடு முடிவதில்லை. பிறகு அனுப்பும் ஒவ்வொரு எண்ணும் மென்பொருள்தான். அதையும் டெஸ்ட் பண்ணியே ஆகணும்.