டெல்லியில் ஆட்சி மாற்றம்: எல்லை ஊர் திருத்தணியின் பதில்

மக்களவைத் தேர்தலின் வழியாக மத்திய ஆட்சி முதன்முதலில் கைமாறியது 1977 மார்ச் மாதத்தில். அதன் பிறகு 1980, 1989, 1991, 1996, 1998, 2004, 2014 ஆகிய ஆண்டுகளிலும் தேர்தலை ஒட்டி டெல்லியில் ஆட்சி மாறியது. இந்த எட்டு மாற்றங்களையும் நாடு ஒரே மனதோடு பார்க்கவில்லை. வடக்கே வெடி வெடித்துக் கொண்டாடப்பட்ட மாற்றம் தெற்கே வியப்பாக வந்து சேர்ந்ததும் உண்டு. மாற்றத்துக்குப் பின் தமிழ்நாடு மனமுவந்து வரவேற்ற முடிவை வடக்கு வீதியில் இறங்கி எதிர்த்ததும் உண்டு. இந்த வேறுபாட்டைக் கூர்ந்து பார்க்க ஏற்ற ஊர், ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி.

எல்லையில் ஓர் ஊர்

அறுபடை வீடுகளில் ஒன்றான திருத்தணி, 1911 முதல் 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் இங்கேதான் சூடு பிடித்தது. எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைப்படி எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆட்சி என்பது எங்கோ தொலைவில் நடக்கும் காரியமல்ல, தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதையே தீர்மானிக்கும் சக்தி என்பதை ஒரு தலைமுறைக்குள் கண்கூடாகப் பார்த்த ஊர் இது.

ஊரில் தமிழோடு தெலுங்கும் புழங்குகிறது. நகரி, புத்தூர் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் ஏராளம். அதனால் தேர்தல் முடிவு வரும் நாளில் இங்கே இரண்டு மாநிலக் கணக்கும் பேசப்படும். மக்களவைக்கு இன்று திருத்தணி, அரக்கோணம் தொகுதியில் இருக்கிறது. அரக்கோணத்தின் தேர்தல் முடிவுகளை வரிசையாகப் பார்த்தால், டெல்லி மாற்றத்தைத் தமிழக மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது துலங்கும்.

1977: இரு புறமும் ஒரு முடிவு, டெல்லியில் வேறு

நெருக்கடி நிலை அமலில் இருந்தபோதே 1977 மார்ச் தேர்தல் நடந்தது. ரேபரேலியில் பிரதமர் இந்திரா காந்தியே ராஜ்நாராயணிடம் தோற்றார். உத்தரப்பிரதேசத்தின் 85 இடங்களிலும் பீகாரின் 54 இடங்களிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மார்ச் 24 அன்று மொரார்ஜி தேசாய் பிரதமரானார். வட மாநிலங்களில் அது விடுதலைத் திருநாளைப் போலவே கொண்டாடப்பட்டது.

தெற்கே கதை வேறு. தமிழ்நாட்டில் அ.தி.மு.க., காங்கிரஸ், இந்திய கம்யூனிஸ்ட் கூட்டணி 39-ல் 34 இடங்களைப் பிடித்தது. ஆந்திராவின் 42 இடங்களில் 41 காங்கிரசுக்கே. நந்தியாலில் வென்ற நீலம் சஞ்சீவ ரெட்டி மட்டும் ஜனதா. அரக்கோணத்தில் வென்றவர் காங்கிரசின் ஓ.வி.அளகேசன். திருத்தணிக்கு வடக்கேயும் தெற்கேயும் காங்கிரஸ் அணி வென்றிருக்க, டெல்லியில் அந்தக் கட்சி ஆட்சியை இழந்திருந்தது.

தெற்கு மக்களுக்கு ஜனநாயக உணர்வு குறைவு என்று அன்று சிலர் முடிவு கட்டினார்கள். அது அநியாயமான தீர்ப்பு. நெருக்கடி நிலையின் கொடுமை வடக்கே கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடாகவும் குடிசை இடிப்பாகவும் ஏழைகளின் வாசலுக்கே வந்தது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 வரை இருந்த தி.மு.க. அரசு நெருக்கடி நிலையை எதிர்த்த அரசு. அது கலைக்கப்பட்ட பிறகு மிசா கைதுகளும் பத்திரிகைத் தணிக்கையும் கடுமையாயின. ஆனால் அந்த அடி பெரும்பாலும் கட்சிக்காரர்கள் மீதும் எழுத்தாளர்கள் மீதும் விழுந்தது. பொதுமக்கள் முன் அப்போது இருந்த பெரிய கேள்வி, 1972-ல் தனிக்கட்சி கண்ட எம்.ஜி.ஆரா, சர்க்காரியா விசாரணைக் கமிஷனை எதிர்கொண்டிருந்த கருணாநிதியா என்பதுதான். அந்தக் கேள்விக்கே அவர்கள் வாக்களித்தார்கள்.

ஜூன் மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. காங்கிரஸ் துணையில்லாமல் நின்ற அ.தி.மு.க. 234-ல் 130 இடங்களை வென்றது; காங்கிரசுக்கு 27. எம்.ஜி.ஆர். முதல்வரானதும் ஜனதா அரசோடு இணக்கமாகவே நடந்துகொண்டார். 1979-ல் சரண்சிங் அமைச்சரவையில் அ.தி.மு.க.வின் சத்தியவாணி முத்துவும் பாலா பழனூரும் இடம்பெற்றார்கள். திராவிடக் கட்சி ஒன்று மத்திய அமைச்சரவையில் அமர்ந்தது அதுவே முதல் முறை.

1980: ஐந்து மாதத்தில் இரண்டு தீர்ப்பு

1980 ஜனவரித் தேர்தலில் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சியைப் பிடித்தார். நேருவின் மகளை வரவேற்று, நிலையான ஆட்சி கேட்ட கருணாநிதியின் முழக்கம் அந்தத் தேர்தலின் அடையாளமானது. தி.மு.க. - காங்கிரஸ் அணிக்கு 39-ல் 37 இடங்கள். அரக்கோணத்தில் காங்கிரசின் ஏ.எம்.வேலு வென்றார். அ.தி.மு.க.வுக்குக் கோபிச்செட்டிப்பாளையமும் சிவகாசியும் மட்டுமே மிஞ்சின.

இந்தத் தோல்வியை எம்.ஜி.ஆர். அரசு ஒருவிதமாகவும், டெல்லி வேறுவிதமாகவும் படித்தன. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்ற வரம்பை எம்.ஜி.ஆர். அரசு 1979-ல் கொண்டுவந்திருந்தது. மக்களின் கோபம் அங்கேதான் என்று உணர்ந்து, 1980 பிப்ரவரியில் அந்த வரம்பை நீக்கியது. 31 விழுக்காடாக இருந்த ஒதுக்கீட்டை 50 ஆக உயர்த்தவும் செய்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 18 விழுக்காட்டையும் சேர்த்தால் மொத்தம் 68.

டெல்லியோ, மக்களவையில் தோற்ற கட்சிக்கு மாநிலத்தை ஆளும் உரிமை இல்லை என்று முடிவு செய்தது. பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலச் சட்டமன்றங்கள் கலைக்கப்பட்டன. 1977-ல் ஜனதா அரசு ஒன்பது காங்கிரஸ் அரசுகளை இதே காரணம் சொல்லிக் கலைத்திருந்தது. எந்தத் தவறும் செய்யாத தன்னை ஏன் நீக்கினார்கள் என்று எம்.ஜி.ஆர். ஊர் ஊராகப் போய்க் கேட்டார். மே மாதத் தேர்தலில் அ.தி.மு.க. 129 இடங்களோடு திரும்பி வந்தது. ஜனவரியில் 39-க்கு இரண்டே இடம் கொடுத்த அதே வாக்காளர்கள் அளித்த தீர்ப்பு இது.

உலகத்திலும் இதற்கு இணை உண்டு. கனடாவின் கியூபெக் மாநில மக்கள் அதே 1980-ல் நாட்டுத் தேர்தலில் 75 இடங்களில் 74-ஐ லிபரல் கட்சிக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மாநிலத் தேர்தலில், தனிநாடு கோரிய பார்ட்டி கியூபெக்வாவுக்கு 122-ல் 80 இடங்களைத் தந்தார்கள். தனி மொழியும் தனி அடையாளமும் உள்ள மக்கள், எந்தக் காவலை யாரிடம் ஒப்படைப்பது என்று பிரித்துப் பார்த்தே வாக்களிக்கிறார்கள்.

1989: தோற்ற அணி, ஆதாயம் பெற்ற மாநிலம்

1977-ன் காட்சி 1989 நவம்பரில் திரும்பியது. காங்கிரஸ் - அ.தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டில் 38 இடங்களை வாரிச் சென்றது. தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. ஆந்திராவில் தேசிய முன்னணித் தலைவர் என்.டி.ராமராவின் கோட்டையே சரிந்து, 42-ல் 39 இடங்கள் காங்கிரசுக்குப் போயின. அரக்கோணத்தில் காங்கிரசின் ஆர்.ஜீவரத்தினம் வென்றார். ஆனாலும் டெல்லியில் ராஜீவ் காந்தி பெரும்பான்மையை இழந்தார். டிசம்பர் 2 அன்று வி.பி.சிங் பிரதமரானார். தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த முரசொலி மாறன் மத்திய அமைச்சரானார்.

தமிழகம் அதிகம் வாக்களிக்காத அந்த அரசுதான் தமிழகத்துக்கு நெருக்கமான முடிவுகளை எடுத்தது. 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை முழுவதும் திரும்பியது. ஜூனில் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. ஆகஸ்டில் மண்டல் குழுவின் 27 விழுக்காடு ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. டெல்லியில் மாணவர்கள் தீக்குளிக்கும் அளவுக்கு எதிர்ப்பு மூண்டபோது, தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடின்றி ஆதரவு எழுந்தது. பத்தாண்டுகளாக 68 விழுக்காடு ஒதுக்கீட்டில் பழகியிருந்த மாநிலத்துக்கு அது புதிய செய்தியாக இல்லை.

அந்த அரசு கவிழ்ந்த பின், 1991 ஜனவரி 30 அன்று சந்திரசேகர் அரசு தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது. கலைப்புக்கு அறிக்கை தர ஆளுநர் பர்னாலா மறுத்தும் அது நடந்தது. 1977-லும் 1980-லும் நடந்ததைப் போல, மக்களவைத் தோல்வியை மட்டும் காட்டி மாநில அரசைக் கலைப்பது முறையற்றது என்று மத்திய - மாநில உறவுகள் பற்றிய சர்க்காரியா ஆணையம் அதற்கு முன்பே எழுதியிருந்தது. 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கலைப்பு அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டது. 1998-ல், மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்த தி.மு.க.வின் அரசைக் கலைக்கச் சொல்லிக் கூட்டணிக் கட்சியே நெருக்கியபோதும் வாஜ்பாய் அரசு இணங்கவில்லை.

1996 முதல் 2004 வரை: மாற்றத்தின் பங்காளி

1996-ல் நரசிம்ம ராவின் காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு கூட்டு வைத்ததை ஏற்காமல் ஜி.கே.மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். அவருடைய கட்சியும் தி.மு.க.வும் இந்திய கம்யூனிஸ்டும் 39 இடங்களையும் வென்றன. பதினாறு ஆண்டுகளுக்கு முன் காங்கிரஸ் சின்னத்தில் வென்ற ஏ.எம்.வேலு, இப்போது அரக்கோணத்தில் த.மா.கா. வேட்பாளராக வென்றார். தேவகவுடா அரசில் ப.சிதம்பரம் நிதியமைச்சரானார். எல்லைக்கு அப்பால் இருந்த சந்திரபாபு நாயுடு ஐக்கிய முன்னணியின் ஒருங்கிணைப்பாளர். அன்றிலிருந்து டெல்லி மாற்றம் தமிழகத்துக்கு வெளியிலிருந்து வந்த செய்தியாக இல்லை. தமிழகக் கட்சிகளே அதைச் செய்யும் இடத்துக்கு வந்தன. 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் வீழ்ந்தது.

2004 மே மாதம் வந்த முடிவு மாநில ஆட்சியையே உலுக்கியது. தி.மு.க. தலைமையிலான அணி 39 இடங்களையும் வென்றது. ஆந்திராவிலும் காங்கிரஸ் 29 இடங்களைப் பெற்றது. அரக்கோணத்தில் வென்ற பா.ம.க.வின் ஆர்.வேலு ரயில்வே இணையமைச்சரானார். மத்திய ஆட்சி மாறிய அந்தத் தேர்தலில் தமிழக மக்களின் கோபம் பெரும்பாலும் மாநில அரசின் மீது இருந்தது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.70 லட்சம் அரசு ஊழியர், ஆசிரியர்களின் பணிநீக்கம், விவசாயிகளின் இலவச மின்சார ரத்து, ரேஷன் பொருள்களை நிறுத்தும் அடையாளமாக அட்டையில் குத்திய 'எச்' முத்திரை, மதமாற்றத் தடைச் சட்டம் எல்லாம் சேர்ந்து அந்தக் கோபத்தை வளர்த்திருந்தன.

முடிவு வெளியான சில நாள்களிலேயே முதல்வர் ஜெயலலிதா இவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இலவச மின்சாரம் மீண்டது. 'எச்' முத்திரை போனது. ஊழியர் மீதான நடவடிக்கைகள் விலக்கப்பட்டன. 1980-ல் வருமான வரம்பு நீங்கியதைப் போலவே, இங்கும் எம்.பி. தேர்தலின் முதல் பலன் ரேஷன் கடையிலும் பம்ப்செட்டிலும் தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது, திருத்தணி மக்கள் தேர்ந்தெடுத்தது அ.தி.மு.க.வின் கோ.அரியை.

2014-க்குப் பிறகு

2014-ல் பாரதிய ஜனதா 282 இடங்களோடு தனிப்பெரும்பான்மை பெற்றது. தமிழ்நாட்டில் தனித்து நின்ற அ.தி.மு.க. 37 இடங்களை வென்றது, அரக்கோணம் எம்.பி.யானவர் அதே கோ.அரி. மே 26 பதவியேற்பு விழாவுக்கு இலங்கை அதிபர் ராஜபக்சே அழைக்கப்பட்டது தமிழகத்தில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. முதல்வர் ஜெயலலிதா விழாவுக்குப் போகவில்லை. தேர்தலில் பா.ஜ.க. அணியில் இருந்த வைகோ, டெல்லியில் கறுப்புக்கொடி காட்டிக் கைதானார்.

2019-ல் மத்திய அரசு மாறவில்லை என்றாலும், வாக்காளர் எவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறார் என்பதற்கு அந்த ஆண்டே சிறந்த சான்று. தி.மு.க. அணி தமிழ்நாட்டில் 38 மக்களவை இடங்களை வென்றது. அரக்கோணத்தில் எஸ்.ஜெகத்ரட்சகன் வெற்றி பெற்றார். அதே தேர்தலோடு 22 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. அவற்றில் ஒன்பதை அ.தி.மு.க. வென்று மாநில ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் சோளிங்கரும் அந்த ஒன்பதில் ஒன்று. அங்கே ஒரே நாளில், ஒரே வாக்குச்சாவடியில் அருகருகே வைத்த இரண்டு இயந்திரங்களில் மக்கள் இரண்டு தீர்ப்பு எழுதினார்கள். 'எம்.பி. ஓட்டு வேறு, எம்.எல்.ஏ. ஓட்டு வேறு' என்று கிராமத்தில் பேசிக்கொள்வதன் பொருள் இதுதான்.

2024-ல் எல்லையின் இருபுறமும் எதிரெதிராக நின்றன. தமிழ்நாட்டின் 39 இடங்களும் இந்தியா கூட்டணிக்கு; ஆந்திராவின் 25-ல் 21 தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு. பா.ஜ.க. 240-ல் நின்றுவிட, தெலுங்கு தேசத்தின் 16 எம்.பி.க்கள் மத்திய அரசின் தூண்களில் ஒன்றானார்கள். நகரி பக்கத்து உறவினர் ஆளும் அணியின் வாக்காளராகவும், திருத்தணி உறவினர் எதிரணியின் வாக்காளராகவும் இருக்கும் நிலை இன்று.

வாக்காளர் சொல்வது என்ன?

முடிவு வந்த நாளின் பட்டாசும் இனிப்பும் கட்சிக்காரர்களின் எதிர்வினை. வேண்டுதல் நிறைவேறியது என்று மொட்டை அடித்துக்கொள்பவரும் காவடி எடுப்பவரும் உண்டு. அவர்களின் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் பொதுமக்களின் எதிர்வினை அன்று மாலையோடு முடிவதில்லை. புதிய அரசு என்ன செய்கிறது என்று பார்த்து, அடுத்த தேர்தலில் அது வெளிப்படுகிறது. 1977 மார்ச்சுக்கு ஜூன் பதில் சொன்னது. 1980 ஜனவரிக்கு மே பதில் சொன்னது. 2004-க்கு 2006-ல் திருத்தணி தன் பதிலைச் சொன்னது.

இந்த வரலாற்றில் இடறியவர்கள், மக்களவை வெற்றியை மாநிலத்தின் மீதான உரிமைப் பத்திரமாக எண்ணியவர்கள். நிமிர்ந்தவர்கள், தோல்வியைப் படித்து ஆணையைத் திருத்திக்கொண்டவர்கள். அப்படித் திருத்திய ஒவ்வொரு முறையும் பலன் மக்களுக்குக் கிடைத்தது. டெல்லியில் அடுத்து யார் ஆட்சிக்கு வந்தாலும், ஒரு மாநிலம் எதிர்த்து வாக்களித்தது என்பதற்காக அதைத் தண்டிக்கவோ ஒதுக்கவோ கூடாது. தமிழக வாக்காளர் இரண்டு ஆட்சிகளையும் தனித்தனியே எடைபோடத் தெரிந்தவர். அவருடைய தீர்ப்பை மதிக்கும் அரசே நிலைக்கும்.