மலை வராவிட்டால்... (ஓர் ஆங்கில மரபுத்தொடரும் அதனை ஆளும் முறையும்)

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்லூரியொன்றில் மீலாது விழாப் பேச்சுப்போட்டி நடைபெற்றது. நடுவர்களுள் ஒருவனாக நானும் அமர்ந்திருந்தேன். விடாமுயற்சி என்னும் பொருளில் பேசிய மாணவர் ஒருவர், "மலை முகமதுவிடம் வராவிட்டால் முகமது மலையிடம் செல்லவேண்டும் என்று நம் நபிகள் நாயகம் கூறியிருக்கிறார்கள்" என முழங்கினார். அரங்கம் கைதட்டியது. நானும் மதிப்பெண்ணைச் சற்றுக் கூட்டியே இட்டேன்.

விழா முடிந்ததும் முன்வரிசையில் அமர்ந்திருந்த பள்ளிவாசல் இமாம் அம்மாணவரை அருகழைத்து, "தம்பி, இந்த ஹதீஸ் எந்தக் கிதாபிலே இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். "கிதாபிலே இல்லீங்க ஹஜ்ரத், இங்கிலீஷ் கிராமர் புத்தகத்திலே படிச்சேன்" என்றார் மாணவர். ஹஜ்ரத் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. அந்தப் பார்வைக்கு அன்று என்னிடம் விடையில்லை. காலந்தாழ்ந்த அவ்விடையே இக்கட்டுரை.

மரபுத்தொடரின் இயல்பு

சொற்கள் தனித்தனியே தரும் பொருளைக் கடந்து, தொடர் முழுமையும் ஒரு தனிப்பொருள் தருவதே மரபுத்தொடர். 'கம்பி நீட்டினான்' என்பதில் கம்பியும் இல்லை, நீட்டுதலும் இல்லை. நழுவி ஓடினான் என்பதே பொருள். அகராதியைக் கொண்டு சொல்லுக்குச் சொல் பொருள் காண்போர் இங்கு இடறுவர். ஆதலின் ஒரு மரபுத்தொடரை ஆள விழைவோர் அதன் பொருள், பிறப்பு, ஆளும் சூழல் ஆகிய மூன்றையும் அறிதல் வேண்டும்.

'இஃப் த மவுண்டன் வோன்ட் கம் டு முஹம்மத், முஹம்மத் மஸ்ட் கோ டு த மவுண்டன்' என்பது நாம் எடுத்துக்கொண்ட தொடர். நாம் விரும்பும் ஒருவரோ ஒன்றோ நம்மிடம் வர மறுத்தால், அல்லது வர இயலாவிட்டால், நாமே அங்குச் செல்லவேண்டும் என்பது இதன் இன்றைய பொருள்.

தோற்றம்

ஆங்கிலத்தில் இக்கதையை நிலைநிறுத்தியவர் பிரான்சிஸ் பேகன் (1561-1626). 1625ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் 'துணிச்சல்' பற்றிய கட்டுரை ஒன்று உள்ளது. வீண் துணிச்சல் உடையோர் தம் வாக்குப் பொய்த்தபோதும் வெட்கமடையார் எனக் கூறவந்த பேகன், அதற்கு எடுத்துக்காட்டாக, எவ்வித ஆதாரமும் காட்டாமல், குன்று ஒன்றை அழைத்து அது வாராமையால் தாமே அதனிடம் சென்றதாக நபிகளாரின் பெயரில் ஒரு கதையை அமைத்தார். பேகன் எழுதியது 'குன்று'. அது பிற்காலத்தில் 'மலை' ஆயிற்று.

ஈண்டு நோக்கத்தக்கது பொருள் மாற்றமாகும். பேகனிடத்தில் அது தோல்வியை மறைக்கும் நாணமின்மைக்குச் சான்று. இன்றைய ஆங்கிலத்திலோ சூழலுக்கு ஏற்ப இணங்கிச் செல்லும் நடைமுறை அறிவுக்குச் சான்று. இன்று இதனை ஆள்வோருள் மிகப் பெரும்பாலோர் இழிவுபடுத்தும் கருத்தோடு ஆள்வதில்லை. இதன் பிறப்பையே அறியார். எனவே சொல்வோர்மீது சினங்கொள்ளுதல் முறையன்று. உண்மையை எடுத்துரைத்தலே நம் கடன்.

இதையொத்த கதைகள் கீழைநாடுகளிலும் உண்டு. முல்லா நஸ்ருத்தீன் மரமொன்றை அழைத்து, அது வாராமையால், 'இறைநேசர்களுக்குத் தற்பெருமை இல்லை' என்று தாமே அதனிடம் நடந்து சென்றதாக ஒரு நகைச்சுவைக் கதை வழங்குகிறது. மலை நடவாவிடில் துறவி நடப்பான் என்னும் பொருளில் துருக்கியிலும் ஒரு பழமொழி உண்டு.

மார்க்க நூல்கள் கூறுவன

பேகன் கூறும் இந்நிகழ்ச்சி திருக்குர்ஆனிலும் இல்லை. ஆதாரபூர்வமான ஹதீஸ் நூல்களிலும் இல்லை. அற்புதம் காட்டுமாறு மக்கத்துக் குறைஷியர் வற்புறுத்தியபோது, தாம் ஒரு மனிதராகிய தூதரே என விடை பகருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. இதனைப் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 90 முதல் 93 வரையுள்ள வசனங்களிற் காணலாம். கூட்டம் கூட்டி மலையை வரவழைப்பதாகச் சொல்லும் கதைக்கும் இப்பண்புக்கும் எவ்விதப் பொருத்தமும் இல்லை.

நம் தமிழ் மரபை நோக்கினும் இதுவே தெளிவாகும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'மதியை அழைப்பித்த படலம்' என்றே ஒரு படலம் உண்டு. அங்கே அழைக்கப்பட்ட மதி வருகிறது. அழைத்தது வாராமற் போன கதை நம் இலக்கிய மரபுக்கே அயலானது.

மலைகளோடு பெருமானாருக்கு இருந்த தொடர்போ வரலாறு அறிந்தது. கி.பி. 610இல் முதல் வஹீ அருளப்பெற்றது ஹிரா மலைக்குகையில்; 622இல் ஹிஜ்ரத்தின்போது தங்கியது தவ்ர் மலைக்குகையில்; 632இல் இறுதிப் பேருரை நிகழ்ந்தது அரஃபாத்தில். உஹதை நோக்கி, அது நம்மை நேசிக்கும் மலை, நாமும் அதனை நேசிக்கிறோம் என்னும் கருத்துப்பட அவர்கள் மொழிந்தமை ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது.

வாக்கியத்தில் ஆளும் முறை

இத்தொடரைப் பிழையின்றி ஆள மூன்று கூறுகள் அமைதல் வேண்டும். முதலாவது, ஒருவரை அல்லது ஒன்றை நாம் வரவேண்டுமென விரும்பியிருத்தல். இரண்டாவது, அது வர மறுத்தல் அல்லது வர இயலாமை. மூன்றாவது, விரும்பியவரே செல்லுதல். ஒன்று குறையினும் தொடர் பொருந்தாது.

மூதாட்டி ஒருவர் சொந்த ஊரைவிட்டுச் சென்னைக்கு வர மறுக்கிறார். பிள்ளைகள் அனைவரும் பெருநாளுக்கு அவரிடமே செல்கின்றனர். இங்குத் தொடர் பொருந்தும், மூதாட்டியே மலை. கிராமத்துப் பெண்களால் மருத்துவமனைக்கு வர இயலவில்லை. மருத்துவர்கள் கிராமத்திலேயே முகாம் அமைக்கின்றனர். இங்கும் பொருந்தும்.

மும்முறை தேர்வில் தோற்ற மாணவன் நான்காம் முறை வென்றான் என்னுமிடத்தில் பொருந்தாது, அது விடாமுயற்சி. நம் மாணவர் செய்த மற்றொரு பிழை இதுவே. இரு தரப்பாரும் பாதிவழி வந்து உடன்பட்டனர் என்னுமிடத்திலும் பொருந்தாது. ஏனெனில் இத்தொடரில் மலை அணுவளவும் நகர்வதில்லை. வாரார் என எண்ணியவர் தாமே வந்துவிட்டால், மலையே வந்துவிட்டது எனத் தொடரைத் திருப்பியும் ஆள்வர்.

இலக்கணக் குறிப்பொன்றும் உண்டு. ஆங்கில நிபந்தனை வாக்கியத்தில் 'இஃப்' வரும் பகுதியில் 'வில்' பொதுவாக வாராது என்பது நாம் படித்த விதி. அவ்விதியை நம்பி, இத்தொடரில் 'வோன்ட்' பிழையெனக் கருதற்க. இங்கு அது எதிர்காலத்தைக் காட்டாமல் மறுத்தலைக் காட்டுகிறது. 'வராவிட்டால்' என்பதினும் 'வர மறுத்தால்' என்பதே நெருங்கிய பொருள்.

தமிழில் வரும்போது

ஆங்கில வினை மதிப்பைக் காட்டுவதில்லை. 'கோ' என்பது எவர்க்கும் ஒன்றே. தமிழ் வினைமுற்றோ போவான், போவார், போவார்கள் என ஏதேனும் ஒரு நிலையைத் தேர்ந்தே ஆகவேண்டும். நபிகளாரைக் குறிக்குங்கால் 'கூறினார்கள்', 'சென்றார்கள்' எனப் பன்மையால் வழங்குவது தமிழ் முஸ்லிம்களின் வழக்கு. ஆகவே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்போர் இக்கட்டில் சிக்குவர். 'போவான்' என்பது அவமதிப்பு. 'போவார்கள்' என்பதோ ஆதாரமற்ற கதைக்கு வரலாற்றுத் தோற்றம் தந்துவிடும். ஆங்கிலத்தில் கேளாத பிழை தமிழில் உரக்கக் கேட்கிறது.

வழி எளிது. பொருளை மட்டும் பெயர்த்தல் போதும். 'அவர் வர மறுத்தால் நாமே போய்ப் பார்க்கவேண்டியதுதான்' என்பது நல்ல தமிழ். 'தாகமுள்ளவன்தான் கிணற்றைத் தேடிப் போகவேண்டும்' என்னும் வழக்கும் பல இடங்களில் பொருந்தும்.

முடிவுரை

ஆங்கிலத்தில் இத்தொடரைப் படிக்குங்கால் பொருளறிந்து கொள்வோம். தேர்வில் வினவினால் பிழையின்றி எழுதுவோம். மேடையில் ஏறி நபிமொழி என்று மட்டும் கூறாதிருப்போம். தாம் சொல்லாததைத் தம்மீது வேண்டுமென்றே ஏற்றிச் சொல்வோரைப் பெருமானார் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். அறியாது சொன்ன மாணவரினும், அறிய முயலாமல் மதிப்பெண் இட்ட ஆசிரியனே அன்று பிழை செய்தவன். இனி எந்த மாணவரும், 'இது எந்த நூலில் உள்ளது?' என்னும் வினாவை மேடை ஏறுமுன் தம்மிடமே கேட்டுக்கொள்வாராயின், ஹஜ்ரத் அவர்களின் அந்தப் பார்வைக்கு உரிய விடை கிடைத்ததாகும்.