ஹெர்ட்ஸ் என்ன காட்டுது?

தியாகராய நகர் ஹபிபுல்லா சாலையில் நடிகர் சங்கம் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தெருக்களில் படக் கம்பெனி அலுவலகங்கள். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மதிலை ஒட்டி நிற்கும் கேரவன் ஒன்றும் புதிதல்ல. பேருந்து சேஸிஸின்மேல் அறை கட்டி, ஏசி, சோபா, மேக்கப் கண்ணாடி, கழிப்பறை என்று சகலமும் வைத்த வண்டி அது. உள்ளே யார் இருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அடியில் ஒரு மின்நிலையம் இருக்கிறது. பக்கவாட்டில் துளை போட்ட ஒரு தகரக் கதவு. திறந்தால் சின்ன டீசல் இன்ஜின், அதோடு நேராகப் பூட்டிய ஆல்டர்னேட்டர். வண்டியை இழுக்கும் இன்ஜின் வேறு, இது வேறு. வண்டி நிற்கும்போது மேலே இருக்கும் அத்தனைக்கும் மின்சாரம் தருவது இதுதான். இது மக்கர் செய்தால் டிரைவர் மெக்கானிக்குக்குப் போன் போடுவார்.

“அண்ணே, ரெண்டாவது ஏசி போட்டா ஜென்செட் திணறுது. ஆல்டர்னேட்டர் போயிடுச்சுன்னு நெனக்கிறேன்.”

“அவசரப்படாத தம்பி. மீட்டர்ல ஹெர்ட்ஸ் என்ன காட்டுது, வோல்ட் என்ன காட்டுது? ரெண்டையும் சொல்லு.”

விவரம் தெரிந்த மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்குமுன் கேட்பது இந்த இரண்டு எண்களைத்தான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி அலைகிறது. அதுதான் 50 ஹெர்ட்ஸ். நான்கு காந்த முனைகள் கொண்ட ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு அலைகள் பிறக்கும். ஆகவே 50 அலை வேண்டுமென்றால் நொடிக்கு 25 சுற்று, நிமிடத்துக்கு 1500 சுற்று. ஹெர்ட்ஸ் என்பது இன்ஜினின் வேகமேயன்றி வேறில்லை. கதவைத் திறக்காமலே, ஏசியின் பிளக் பாயின்ட்டில் மீட்டரை வைத்து, இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

வோல்ட் சொல்வது வேறு கதை. அது காந்தத்தின் பலத்தையும் சேர்த்துச் சொல்கிறது. லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் காட்டி, லோடு ஏறியதும் 50-க்கு வந்து நின்றால் இன்ஜின் நலமாக இருக்கிறது. ஏசி போட்டதும் 45-க்குச் சரிந்தால் இன்ஜினுக்கு மூச்சோ சாப்பாடோ போதவில்லை. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும், ஏர் கிளீனரில் தூசி அப்பியிருக்கும், அல்லது டீசல் குழாயில் எங்கோ காற்று பிடிக்கிறது. ஹெர்ட்ஸ் 50-லேயே நின்று வோல்ட் மட்டும் 230-லிருந்து 190-க்கு இறங்கினால்தான் ஆல்டர்னேட்டர் பக்கம் போகவேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வேகம் ரொம்பக் குறைந்தால், ஏ.வி.ஆர். எனப்படும் வோல்டேஜ் ரெகுலேட்டர் தானே வோல்ட்டையும் இறக்கிவிடும்படி அமைத்திருப்பார்கள். ஹெர்ட்ஸைப் பார்க்காமல் வோல்ட்டை மட்டும் பார்த்தவர், சில நூறு ரூபாய் ஃபில்டரில் முடியவேண்டிய வேலைக்கு ஆல்டர்னேட்டரையே கழற்றி வைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

சினிமா லைட்டுகளுக்குக் கரண்ட் தரும் பெரிய ஜெனரேட்டர் வண்டியின் ஆபரேட்டரும் இதே எண்ணைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார். 50 ஹெர்ட்ஸில் எரியும் பழைய வகை விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நொடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும் கேமராவின் ஷட்டரை ஒளிப்பதிவாளர்கள் 172.8 டிகிரியில் வைப்பது இதற்காகத்தான். அப்போது ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக ஐம்பதில் ஒரு நொடி ஒளியை வாங்கும், அதில் முழுசாக இரண்டு துடிப்பு அடங்கும். ஜெனரேட்டர் வேகம் தவறினால் திரையில் வெளிச்சம் அலைபாயும்.

இப்போது விசித்திரமான பழுது ஒன்று. இன்ஜின் அருமையாக 1500-ல் ஓடுகிறது. ஆனால் வோல்ட் நான்கோ ஐந்தோதான். வயர் எதுவும் அறுந்திருக்காது, எதுவும் எரிந்திருக்காது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிகளில் இது நடக்கும். இதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி: காந்தம் சுற்றினால் மின்சாரம் வரும் என்று 1831-ல் ஃபாரடே காட்டினார், சரி. இந்த ஆல்டர்னேட்டருக்குள் காந்தம் எங்கே இருக்கிறது?

பெரும்பாலானவற்றில் இல்லை. இருப்பது இரும்பும் செம்புக் கம்பியும்தான். கம்பியில் மின்சாரம் போனால் இரும்பு காந்தமாகும். அந்த மின்சாரம்? ஆல்டர்னேட்டரே தருவது. மின்சாரம் இருந்தால்தான் காந்தம், காந்தம் இருந்தால்தான் மின்சாரம். பிறகு முதல் சுற்று எப்படித்தான் தொடங்குகிறது?

போன தடவை ஓடி நின்றபோது இரும்பில் துளி காந்தம் மிச்சம் இருந்துவிடுகிறது. மறுபடி சுழலும்போது அந்தத் துளி சில வோல்ட்டை எழுப்பும். அந்தச் சில வோல்ட் கம்பிக்குள் போய்க் காந்தத்தைக் கொஞ்சம் கூட்டும். கூடிய காந்தம் இன்னும் கொஞ்சம் வோல்ட்டைத் தரும். ஓரிரு நொடிகளில் 230. அங்கே ஏ.வி.ஆர். குறுக்கே நின்று, போதும் என்று பிடித்துக்கொள்ளும். நிரந்தரக் காந்தமே இல்லாமல் இப்படி மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனை 1860-களில் பலருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. 1867 பிப்ரவரி 14 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில், ஒரே நாளில், இதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. ஒன்று, ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் கண்டதை அவர் தம்பி வில்லியம் எடுத்துவைத்தது. இன்னொன்று, பிளஸ் டூ இயற்பியலில் சமனச் சுற்றோடு வருகிற அதே வீட்ஸ்டனுடையது.

ஓடாமல் கிடந்த செட்டில் அந்த மிச்சக் காந்தம் மங்கிப்போயிருக்கும். மெக்கானிக் ஏ.வி.ஆர். வயரைக் கழற்றிவிட்டு, ஃபீல்டு முனைகளில் 12 வோல்ட் பேட்டரியைப் பிளஸ் மைனஸ் பார்த்துச் சில நொடி தொட்டு எடுப்பார். இரும்புக்குப் பழைய நினைவு திரும்பிவிடும். இது புரியாமல் நல்ல ஆல்டர்னேட்டரைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறையாவது அரைமணி நேரம் லோடு போட்டு ஓட்டினால் இந்தத் தொல்லையே வராது.

லோடு ஏற்றினால் திணறுவது ஒரு வகை என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருந்து, முக்கால் மணி நேரத்தில் தானாக நின்று, ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆவது இன்னொரு வகை. இது சென்னையின் தனிச்சொத்து என்றே சொல்லலாம். 5 கிலோவாட் மின்சாரம் தரும் செட் மணிக்கு சுமார் ஒன்றரை லிட்டருக்குமேல் டீசல் குடிக்கும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட்-மணி ஆற்றல். அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. பாக்கியெல்லாம் சூடு. சைலன்சர் வழியே போவது போக, ஐந்தாறு இஸ்திரிப் பெட்டிகளைப் பூட்டிய அலமாரிக்குள் போட்டுவைத்த அளவுக்குச் சூடு அந்தத் தகரக் கூட்டுக்குள் சேரும்.

கூட்டைத் திறந்து வைத்தால் என்ன? சத்தம் வரும். டீசல் ஜெனரேட்டரின் சத்தம் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. லைவ் சவுண்ட் எடுக்கும் படப்பிடிப்பில் அந்த 75-ம் அதிகம். ஆகவே பஞ்சு வைத்து மூடுகிறார்கள். சத்தம் வெளியே போகக்கூடாது, சூடு உள்ளே நிற்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கியதுதான் கேரவன் ஜெனரேட்டரின் பிழைப்பு. இதில் தி.நகரின் குறுகலான உள்தெருவில், ரேடியேட்டர் காற்று வெளியேறும் பக்கம் மதிலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்திவிட்டால், வெளியே தள்ளிய வெந்த காற்றையே மதில் திருப்பி அனுப்பும். இன்ஜின் அதையே மறுபடி குடிக்கும். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. நீர்ச்சூடு எல்லையைத் தொட்டதும் சென்சார் இன்ஜினை நிறுத்திவிடும். அதைப் பழுது என்று நினைத்து சென்சார் வயரை ஷார்ட் செய்து ஓட்டுகிற ‘திறமைசாலிகள்’ உண்டு. அவர்கள் அடுத்து செலவழிப்பது ஹெட் கேஸ்கெட்டுக்கு. வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தால் போதும்.

டீசல் தீராமலே டீசல் தீர்ந்து நிற்பதும் உண்டு. வண்டியின் டேங்கிலிருந்தே ஜெனரேட்டருக்கும் டீசல் எடுக்கும் அமைப்பில், அதன் உறிஞ்சுகுழாயை வேண்டுமென்றே உயரத்தில் வெட்டி வைப்பார்கள். ராத்திரி முழுக்க ஏசி ஓடினாலும் வண்டி வீடு திரும்ப டீசல் மிஞ்சவேண்டும் என்ற முன்யோசனை. கேஜில் கால் டேங்க் காட்ட, ஜெனரேட்டர் மட்டும் செத்துக் கிடந்தால், முதலில் பங்குக்குப் போய் வாருங்கள்.

மழைக்காலம் தனி. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்கள் குளமானது நினைவிருக்கும். வண்டியின் வயிற்றில் இருக்கும் ஜெனரேட்டருக்கு முழங்கால் தண்ணீரே ஆபத்து. தண்ணீர் ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடக்கூடாது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். ஆல்டர்னேட்டரைக் காயவைத்து, மெக்கர் போட்டு இன்சுலேஷன் ஒரு மெகாஓமுக்குமேல் இருப்பதைப் பார்த்தபிறகே ஓட்டவேண்டும்.

சரி, மாற்றியே தீரவேண்டிய நிலை வந்துவிட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் விசாரித்தாயிற்று. எல்லோரும் சொல்லும் யோசனை, இதைவிடப் பெருசா போடுங்க சார். இதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய வகை ஏசி கம்ப்ரெசர் கிளம்பும் கணத்தில் ஓடும் கரண்ட்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த ஒரு கணத்துக்காகப் பெரிய செட் வாங்கினால், மீதி நேரமெல்லாம் அது கால்வாசி லோடில் ஓடும். டீசல் இன்ஜினுக்கு அது ஆகாது. சூடு போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து, கருப்பு எண்ணெய்யாக சைலன்சரில் கசியும். இன்வெர்ட்டர் ஏசிக்கு மாறினால் அந்த முதல் இழுப்பே இல்லை. பல வண்டிகளில் மாற்றவேண்டியது ஏசியைத்தான்.

ஜெனரேட்டரே வேண்டாம், பேட்டரி போடலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 100 கிலோ எடை. ஒன்றரை டன் ஏசி ஒன்றை ஆறேழு மணி நேரம் ஓட்டும். அதே அளவு மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் கேட்பது மூன்றரை லிட்டர் டீசல். இரண்டு ஏசி, ஹேர் டிரையர், நாள் முழுக்க ஷூட்டிங் என்றால் டீசலை விட்டால் இன்றைக்கு வழியில்லை. இரவு தூங்க மட்டும் என்றால் பேட்டரிதான் சரி. அதில் புகை இல்லை.

அந்தப் புகையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்தபோது, தளத்தில் இருந்த ஓட்டை வழியே கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியது தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் அதன் அளவு பத்து லட்சத்தில் 900 பங்கைத் தாண்டியது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு விழிப்பே வராது.

ஆகவே ஜெனரேட்டர் மாற்றுகிறவர்கள் எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். பழைய போல்ட் துளை, வயர் இறங்கிய துளை எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, புகைக்குழாயை ஜன்னலுக்கும் ஏசிக்கும் எட்டாத இடத்தில் கொண்டுபோய் விடுங்கள். படுக்கையருகே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். ஐரோப்பியத் தரத்தின்படி செய்தது என்றால், பத்து லட்சத்தில் 300 பங்கு சேர்ந்த மூன்று நிமிடத்துக்குள் அது கூவி எழுப்பிவிடும்.