மண்சுவரில் எழுதிய வண்ணம்

ஓவியத்துக்கு வாழ்நாள் வகுப்பது சுவர். சவ்வாது மலைத்தொடரை அடுத்த ஆம்பூர் வட்டத்தில், மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகைக்குள் அண்ணாந்து நிற்பவருக்கு இது விளங்கும். 8-ஆம் நூற்றாண்டில் சமணர் இந்த இயற்கைக் குகைக்குள் சுடாத மண்கல்லான பச்சைக்கல்லால் சுவரெழுப்பிக் கோயிலாக்கினர். சுவரிலும் பாறை முகட்டிலும் வண்ணம் தீட்டினர். ஆட்டின்மேல் அமர்ந்த தீக்கடவுள் முதலான எண்திசைக் காவலர், தாமரைக் குளம், அன்னம் என விரிந்த அவ்வுலகில் இன்று எஞ்சியவை சிதறல்களே.

அழிவுக்குக் காரணம் என்ன? சுண்ணத்திலிருந்து தொடங்குவோம். நீற்றிய சுண்ணாம்பைக் காரையாகப் பூசினால், அது காற்றின் கரியமில வளியை ஈர்த்து மீண்டும் கல்லாக இறுகும். ஈரம் உலருமுன் காவியைத் தீட்டினால், அப்போது பிறக்கும் சுண்ணப் படிகங்கள் வண்ணத் துகள்களைத் தம்முள் பூட்டிக்கொள்ளும். பசையே வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் இம்முறையின என்று 1930களில் ஆய்ந்து சொன்னவர் சென்னை அருங்காட்சியக வேதியியலறிஞர் எஸ். பரமசிவன். சுண்ணத்தின் காரத்துக்கு ஈடுகொடுப்பவை காவி, மஞ்சட்காவி, கரி போன்றவை, இலைச்சாறு வெளுத்துவிடும். பழைய ஓவியம் எதைக் கண்டாலும் ‘மூலிகைச் சாறு’ என்போர் கூற்றை நான் ஏற்பதில்லை.

பச்சைக்கல்லுக்கு அந்த வலிமை கிடையாது. ஈரம் பட்டால் களிமண் உப்பும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலிருக்கும் வண்ணம் செதில் செதிலாக உதிரும்.

ஆனால் சீனத்தின் துன்குவாங் குகைகளிலும் வைக்கோல் கலந்த மண்பூச்சின்மீதே ஓவியங்கள் உள்ளன. அவை ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கின்றன. அங்கே பாலை, ஆண்டு மழை ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். நம் பாலாற்றங்கரையில் அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல்.

1941-இல் துன்குவாங் ஓவியங்களைப் படியெடுக்கச் சென்றவர் சீன ஓவியர் சாங் தாச்சியன். சிச்சுவானில் 1899-இல் பிறந்து, பழைய மேதைகளின் ஓவியங்களைப் போலவே வரைந்து வல்லுநரையும் ஏமாற்றிய கைவன்மைக்காரர். இரண்டு ஆண்டுக்கு மேல் தங்கி, இருநூற்றுக்கும் மேற்பட்ட படிகளை எழுதினார். அங்கே பல உருவங்களின் முகம் கறுத்திருந்தது. ஒளியும் ஈரமும் பட்டு ஈயச்செந்தூரம் கரும்பழுப்பாக மாறியதன் விளைவு அது. சாங் கறுப்பை அப்படியே படியெடுக்கவில்லை. முதல்நாள் நிறம் எதுவாக இருந்திருக்கும் என உய்த்துணர்ந்து தீட்டினார். இதை நான் அறிவியல் நோக்கு என்றே கொள்வேன். அடியிலுள்ள ஓவியத்தைக் காண மேற்பூச்சைப் பெயர்த்தார் என்ற பழியும் அவர்மேல் உண்டு. அந்த ஆர்வத்தைப் பாராட்ட மனம் வரவில்லை.

1950-இல் அவர் இந்தியா வந்து அசந்தாவையும் கண்டார். பின்னாளில் பார்வை குன்றியபோது, செப்புக் கனிமங்கள் தரும் பச்சையையும் நீலத்தையும் தாளில் பாய்ச்சி மலைகளை எழுப்பினார். 1983-இல் தைப்பேயில் மறைந்தார்.

ஆர்மாமலைக்குப் படியெடுக்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மங்கிய நிறம் தெளியட்டும் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். நொடிப்பொழுது தெளியும், உலரும்போது உள்ளிருக்கும் உப்பு மேலேறி, எஞ்சிய வண்ணத்தையும் தள்ளிவிடும்.